ஸ்வாட் கேட்ஸ் கார்ட்டூன் முழுத்தொடரும் டிவிடியில் வந்தாச்சு! தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் எல்லாரும் வாங்க

நாலுரோடு_ரசிகன் (தருமபுரி)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக எதிர்பார்த்த சேதி வந்துவிட்டது. ஸ்வாட் கேட்ஸ் இரண்டு சீசனும் சேர்ந்து டிவிடியாக வெளியாகியிருக்கிறது. டிசம்பர் 14, 2010 அன்று அமெரிக்காவில் வார்னர் ஆர்கைவ் வெளியிட்டார்கள். இருபத்தைந்து சொச்சம் அத்தியாயம், எல்லாம் ஒரே பெட்டியில்.

தொடர் அங்கே டி.பி.எஸ். சேனலில் 1993 செப்டம்பர் 11 அன்று தொடங்கி 1995 ஜனவரியில் நின்றுபோனது. நம் வீடுகளுக்குக் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாகத் தொண்ணூறுகளின் பிற்பாதியில் வந்தது. தொடர் நின்று இத்தனை வருடம் ஆகியும் முழுத் தொகுப்பு என்று ஒன்று வரவே இல்லை. இப்போதுதான் முதல் தடவை.

மறந்துபோனவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மெகாகேட் நகரம், ஊர் முழுக்கப் பூனைகள். சான்ஸ் ஃபர்லாங், ஜேக் க்ளாசன் இரண்டு பேரும் நகரத்தின் பாதுகாப்புப் படையான என்ஃபோர்சர்ஸில் விமானிகள். டார்க் கேட் என்ற வில்லனைத் துரத்திக்கொண்டு போகும்போது கமாண்டர் ஃபெரல் குறுக்கே வந்து இவர்கள் விமானத்தை இடித்துவிட, அது போய் என்ஃபோர்சர்ஸ் தலைமைக் கட்டடத்திலேயே மோதுகிறது. பழி முழுவதும் இவர்கள் தலையில். சேதத்துக்கான பணம் அடையும்வரை ராணுவப் பழைய இரும்புக் கிடங்கில் வேலை பாருங்கள் என்று தள்ளிவிடுகிறார்கள். அங்கே கிடந்த சாமான்களை வைத்தே டர்போகேட் என்ற ஜெட் விமானத்தைக் கட்டி, முகமூடி போட்டு, டி-போன் (சான்ஸ்), ரேசர் (ஜேக்) என்ற பெயரில் ஊரைக் காப்பாற்றுகிறார்கள்.

வார்னருக்கு இது எப்படிப் போனது என்று ஒரு தம்பி போனில் கேட்டான். தொடரை எடுத்தது ஹானா-பார்பெரா. அந்த நிறுவனத்தை 1991-இல் டர்னர் வாங்கினார்கள். 1996-இல் டர்னர் நிறுவனம் டைம் வார்னரோடு சேர்ந்தது. அதனால் டாம் அண்ட் ஜெர்ரியில் இருந்து ஸ்கூபி டூ வரை எல்லாமே இன்றைக்கு வார்னர் கைவசம். 2009 மார்ச்சில் வார்னர் ஆர்கைவ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கடையில் அடுக்கி வைத்தால் போகாது என்று ஒதுக்கிவைத்த பழைய படங்களை, ஆர்டர் வந்தால் மட்டும் டிஸ்க்கில் ரைட் பண்ணி அனுப்புகிற ஏற்பாடு அது. நம் தொடருக்கு வழி கிடைத்தது அப்படித்தான்.

பார்த்தவர்கள், பிடித்தவர்கள், வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்

அண்ணா!!! டி-போன் ரேசர் இரண்டு பேரும் கட்டைவிரலை நீட்டுவார்களே, அது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. நாங்கள் பார்த்த காலத்தில் காவேரிப்பட்டணமும் தருமபுரி மாவட்டம்தான், 2004-இல்தானே கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். ஆக ஒரே மாவட்டத்து ரசிகர்கள் எல்லாரும் மறுபடி ஒன்று சேர்ந்தாயிற்று. வேலை முடிந்து ராத்திரி வந்து விரிவாக எழுதுகிறேன்.

ஓசூர்_லேத்

நாலுரோடு அண்ணனுக்கு நன்றி. இந்தத் தொடர் எனக்குள் ஏன் ஒட்டிக்கொண்டது என்று எழுத வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்திருக்கிறேன்.

ஹீ-மேன் வாளைத் தூக்கினால் சக்தி வரும். சூப்பர்மேனுக்குப் பிறவியிலேயே சக்தி. ஜேக்குக்கும் சான்ஸுக்கும் அப்படி ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். பகலில் கராஜில் வண்டி ரிப்பேர். பர்க், மரே என்று இரண்டு பேர் லாரியில் பழைய இரும்பைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போவார்கள். கொட்டிவிட்டுப் போன சாமானில் இருந்துதான் டர்போகேட்டுக்கு வேண்டியதைப் பொறுக்குவார்கள்.

எங்கள் வீடு சேலம்–பெங்களூர் ரோட்டை ஒட்டி. அப்பாவுக்கு லாரிப் பட்டறை. கழற்றிய போல்ட், நட், வாஷர், பேரிங் எதையும் தூக்கிப்போட மாட்டார். காலி ஆயில் டின்களில் அளவு வாரியாகப் பிரித்து, டின் மேல் சாக்பீஸால் எண் எழுதி வைத்திருப்பார். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் மெக்கானிக் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். கை கறுப்பாக இருக்கிறவன் கதாநாயகனாக வந்த ஒரு கதையையும் அதுவரை நான் பார்த்ததில்லை. முதலில் பார்த்தது இதில்தான். பட்டறைக்கு அடியில் ஓர் அறை இருக்கும், அதில் ஒரு ஜெட் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு அந்த டின்களைத் துடைத்து அடுக்கியவன் நான். டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்ததற்கும், இன்றைக்கு ஓசூரில் சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் சொல்படி ஓடுகிற கடைசல் இயந்திரம்) ஓட்டுவதற்கும் அந்த ஆசைதான் முதல் படி. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் இருக்கிற ஊரில் என்னைப் போல எத்தனை பேர் இருப்பார்கள்!

ரேசர் வடிவமைத்த ஏவுகணைகளை யாராவது கவனித்தீர்களா? வெறுமனே வெடிக்கிறது மட்டும் கிடையாது. ஆக்டோபஸ் மாதிரி பற்றிக்கொள்வது ஒன்று, சிமென்ட்டைப் பீய்ச்சி எதிரியைக் கெட்டியாக்குவது ஒன்று, வலை விரிப்பது ஒன்று. எதிரில் வருகிற பிரச்சினை என்ன என்று பார்த்து அதற்குத் தகுந்த கருவியை முன்கூட்டியே செய்து வைத்திருப்பான். எங்கள் தொழிலில் ஜிக் (வேலைக்குத் தகுந்தபடி பொருளைப் பிடித்துவைக்கிற கருவி) செய்கிறவர் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

நான் கண்டிப்பாக வாங்குகிறேன். அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.

ஊத்தங்கரைப்_பொண்ணு

லேத் அண்ணா, படித்து மனசு நிறைந்துவிட்டது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எல்லாரும் டி-போன், ரேசர் பற்றியே எழுதுகிறீர்கள். நான் பார்த்தது கேலி பிரிக்ஸுக்காக. துணை மேயர். மேயர் மேன்க்ஸ் எப்போதும் கோல்ஃப் மட்டையும் கையுமாக இருப்பார். கோப்பு பார்ப்பது, ஆபத்து வந்தால் ஸ்வாட் கேட்ஸைக் கூப்பிடுவது, ஃபெரலோடு வாதாடுவது எல்லாம் கேலி. ஃபெரலின் அண்ணன் மகள் ஃபெலினா இரண்டாம் சீசனில் வருவாள், அவளும் விமானி. சித்தப்பா சொல்கிறார் என்பதற்காகச் சும்மா இருக்க மாட்டாள்.

1996-இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தது. நம் பக்கத்தில் எத்தனையோ ஊராட்சிகளில் தலைவர் நாற்காலியில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார், ஊராட்சியை நடத்துவது அவர் வீட்டுக்காரராக இருப்பார். மெகாகேட் நகரத்தில் நாற்காலியில் மேன்க்ஸ், நடத்துவது கேலி. சின்ன வயதிலேயே இந்த வித்தியாசம் என் கண்ணில் பட்டது. நகரத்தை நடத்தத் தெரிந்தவளுக்கு ஏன் அந்த நாற்காலி கிடைக்கவில்லை என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. இப்போது நிறைய அக்காக்கள் தாங்களே கூட்டம் நடத்துகிறார்கள், கையெழுத்தும் முடிவும் அவர்களுடையது. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கேலி ஞாபகம் வரும்.

பாலக்கோடு_தக்காளி

நான் புதுசு, எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க டிவிடி நம் வீட்டு பிளேயரில் ஓடுமா? என் மாமா பையன் அங்கிருந்து ஒரு ஆங்கிலப் பட டிஸ்க் கொண்டுவந்தான், போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக ஓடியது. வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரூர்_வீடியோ

தம்பி பாலக்கோடு, அது டிஸ்க்கின் குறை கிடையாது. அமெரிக்காவில் டிவி முறை என்.டி.எஸ்.சி., நம் நாட்டில் பால் (PAL). பழைய டிவி பெட்டி என்.டி.எஸ்.சி. நிறத்தைப் படிக்கத் தெரியாமல் கறுப்பு வெள்ளையாகக் காட்டும், சில பெட்டிகளில் படம் உருளும். பிளேயர் ரிமோட்டில் செட்டப் போய், டிவி டைப் என்ற இடத்தில் பால் என்று வைத்துவிடுங்கள். நம் ஊரில் விற்கிற பெரும்பாலான பிளேயர்கள் தாங்களே மாற்றிக் கொடுத்துவிடும். ரீஜன் தொந்தரவு (ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டு பிளேயரில் ஓடாமல் தடுக்கிற பூட்டு) வரக்கூடாது என்றால் மல்டி ரீஜன் பிளேயராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். இது அச்சில் அழுத்தி எடுத்த டிஸ்க் கிடையாது, டிவிடி-ஆர். வெற்று டிஸ்க்கில் இருக்கிற சாயப்பூச்சின் மேல் லேசரால் பதிவது. அதனால் பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள்: படம் ஓட்ட மட்டும் உள்ள பிளேயரில் போடவும், ரெக்கார்டரிலும் கம்ப்யூட்டர் டிரைவிலும் ஓடாமல் போகலாம் என்று. அந்தச் சாயத்துக்கு வெயிலும் சூடும் ஆகாது. டிஸ்க்கை ஜன்னல் ஓரத்திலோ டிவி பெட்டி மேலேயோ வைக்காதீர்கள். பால்பாயிண்ட் பேனாவால் மேலே எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். உறையில் போட்டு, பீரோவில் நிற்கவைத்தால் நல்லபடியாக இருக்கும்.

அரூரில் வீடியோ கடை வைத்திருந்தவன் நான். கலர் டிவியும் கேசட் போடுகிற வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுவேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் வண்டியில் கட்டி அனுப்புவோம். கேபிள் வந்து கொஞ்ச நாளில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. கடைசியாகக் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் பையன்கள்தான். "அண்ணா, பூனை பிளேன் ஓட்டுற கேசட் இருக்கா?" என்பார்கள். அது என்ன என்று எனக்குத் தெரியாமல் விசாரித்து, பெங்களூருக்குச் சரக்கு எடுக்கப் போனபோதெல்லாம் கடை கடையாகத் தேடினேன். கிடைக்கவே இல்லை. அந்தப் பையன்களில் யாராவது இதைப் படித்தால் சந்தோஷப்படுவேன். கேட்டதற்கு இப்போது பதில் வந்திருக்கிறது.

காவேரிப்பட்டணத்தான்

அரூர் அண்ணா, நீங்கள் தேடினீர்கள் என்று தெரிந்ததே எங்களுக்குப் பெரிய விஷயம்.

ராத்திரி எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா. எங்கள் தெருவில் கேபிள் கனெக்‌ஷன் ஒரு வீட்டில்தான். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தால் பாதிக் கதை முடிந்திருக்கும். மீதிப் பாதியில் கரண்ட் போகும். கரண்ட் இருந்தால் கேபிள்காரர் அந்த எண்ணில் வேறு சேனலை வைத்திருப்பார். இரவானால் அதே சேனலில் கார்ட்டூன் நின்று டி.என்.டி. என்ற படச் சேனலின் பழைய ஆங்கிலப் படம் ஓட ஆரம்பித்துவிடும், அதற்கு மேல் உட்கார்ந்து பயன் இல்லை. ஒரு கதையைக்கூட முதலில் இருந்து கடைசிவரை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

அப்போது எல்லாம் இங்கிலீஷ், தமிழ்க் குரல் அப்புறம்தான் வந்தது. நாங்கள் படித்தது அரசுப் பள்ளி. ஒரு வார்த்தை புரியாது. பார்த்துவிட்டு வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து, அவன் என்ன சொல்லியிருப்பான், இவன் ஏன் கோபப்பட்டான் என்று நாங்களே பேசி ஒரு கதை கட்டுவோம். பாஸ்ட்மாஸ்டர் என்று கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரு குள்ள மந்திரவாதி வருவானே, அவனை ஊருக்குத் தண்டல் வசூலிக்க வந்தவன் என்று ஒருத்தன் சொன்னான், எல்லாரும் நம்பினோம். அவன் காலத்தையே முன்னும் பின்னும் நகர்த்துகிறவன் என்று கல்லூரியில் படிக்கும்போது இணையத்தில் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது எல்லாக் கதையும் வரிசையாக, முழுசாக. நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

மெகாகேட்_2

எல்லாரும் ஏன் காசு செலவு செய்கிறீர்கள்? டோரன்ட்டில் (இணையத்தில் கோப்புகளை ஆளுக்கு ஆள் பகிர்கிற முறை) டிவியில் இருந்து பதிவு செய்த கோப்புகள் எப்போதோ வந்துவிட்டன. என்னிடம் இருக்கிறது, பென் டிரைவ் கொண்டுவந்தால் தருகிறேன்.

நாலுரோடு_ரசிகன் (தருமபுரி)

தம்பி, உன் மனசு புரிகிறது. நம்மில் பல பேருக்கு இதுவரை அந்தக் கோப்புகள்தான் துணையாக இருந்தன. ஆனால் இங்கே கணக்கு வேறு. இது ஆர்டர் வந்தால் மட்டும் செய்கிற டிஸ்க். ஒவ்வொரு ஆர்டரும் அவர்கள் ஏட்டில் ஏறும். பூனைத் தொடருக்கு ஆள் இருக்கிறார்கள் என்று தெரிய அதைவிட நேரடியான வழி கிடையாது. ஆள் இல்லை என்று முடிவுகட்டினால் அடுத்த பழைய தொடருக்கும் அதே கதிதான். கிறிஸ்டியன் ட்ரெம்ப்ளே, இவான் ட்ரெம்ப்ளே என்ற அண்ணன் தம்பி உருவாக்கிய தொடர் இது. அது மதிக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஒரு பெட்டியாவது வாங்க வேண்டும். ஒருவரால் முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து வாங்கலாம்.

தரமும் வேறு. அந்தப் பதிவுகளில் மூலையில் சேனல் முத்திரை நிற்கும், விளம்பரத்துக்காக வெட்டிய இடத்தில் பாட்டு பாதியில் நிற்கும். கித்தார் முழங்கிக்கொண்டு தொடங்குகிற அந்த டைட்டில் இசையை ஒரு தடவை முழுசாகக் கேள், அப்புறம் நீயே சொல்வாய்.

அப்புறம், பகிர்வு இணைப்புகளை இந்த இழையில் போட வேண்டாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மாரண்டஅள்ளி

எனக்கு ஒரு கதைதான் முழுசாக ஞாபகம் இருக்கிறது. வேற்றுக் கிரகத்தில் இருந்து மியூட்டிலர் என்று ஒருத்தன் பெரிய கப்பலில் வந்து மெகாகேட் நகரத்தின் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போவான். 'வென் ஸ்ட்ரைக்ஸ் மியூட்டிலர்' என்று பெயர்.

எங்கள் வீட்டில் அப்போது போர்வெல் வற்றிவிட்டது. அம்மாவும் அக்காவும் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள், முறை வர மத்தியானம் ஆகிவிடும். கிடைக்கிற தண்ணீரிலும் ஃபுளோரைடு. எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பு. தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் டிவியில் தண்ணீரைத் திருடுகிற வில்லனைப் பார்த்தேன். மற்ற வில்லன்கள் வங்கியைக் கொள்ளையடிப்பார்கள், கட்டடத்தை இடிப்பார்கள், அதெல்லாம் எங்களுக்குத் தூரத்து விஷயம். இவனை மட்டும் எனக்கு நிஜமாகவே பிடிக்கவில்லை. டர்போகேட் விண்வெளி வரைக்கும் அவனைத் துரத்திக்கொண்டு போனபோது நான் எழுந்து நின்றே பார்த்தேன்.

2008-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதைத் தொடர்ந்து எங்கள் பக்கம் குழாய் பதிக்கிற வேலை தொடங்கியது. காவிரித் தண்ணீர் வீட்டுக்கு வருகிற நாளில் அந்தக் கதையை என் பிள்ளைக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று இருக்கிறேன். அதற்காகவாவது இந்த டிஸ்க் எனக்கு வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி_வாத்தியார்

எல்லாரும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். இந்தத் தொடரை நானும் ஓரிரு தடவை பார்த்திருக்கிறேன். ஏவுகணை, துப்பாக்கி, வெடிப்பு. பிள்ளைகள் பார்த்ததைச் செய்துபார்ப்பார்கள். திண்ணையில் இருந்து குதித்துக் கை முறித்துக்கொண்ட மாணவன் என் வகுப்பிலேயே இருந்தான். நீங்கள் எல்லாம் பெரியவர்கள் ஆகிவிட்டீர்கள், தாராளமாகப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

ஊத்தங்கரைப்_பொண்ணு

வாத்தியார் சார், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தொடர் வந்த 1993-ஐ ஒட்டி அமெரிக்காவிலும் தொலைக்காட்சி வன்முறை பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. தொடர் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ரசிகர்கள் பல பேர் சொல்வார்கள்.

ஆனால் சார், 'ரேசர்ஸ் எட்ஜ்' என்ற அத்தியாயத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு சண்டையில் தன்னால் வழிப்போக்கர்களுக்குக் காயம் பட்டுவிட்டது என்று ரேசர் நம்பிவிடுவான். அதற்குப் பிறகு அவனால் சண்டை போட முடியாது, சுடுவதற்குக் கை வராது. கூட்டாளியின் உயிர் ஆபத்தில் இருக்கும்போதுகூடத் தயங்குவான். அது டார்க் கேட் செய்த சூழ்ச்சி என்று பின்னால்தான் தெரியும். ஆயுதம் வைத்திருக்கிறவன் அது யார் மேல் படும் என்று பயப்பட வேண்டும் என்பதை ஒரு குழந்தைகள் தொடர் அரைமணி நேரத்தில் சொல்லியிருக்கிறது. நம் சினிமாவில் கதாநாயகன் சண்டை போடும்போது உடைகிற தள்ளுவண்டிக் கடைக்காரரைப் பற்றி யாராவது கவலைப்பட்டுப் பார்த்திருக்கிறோமா?

சின்னப் பிள்ளைகளைத் தனியாக டிவி முன்னால் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது சரி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பேசுவதற்கு இந்தத் தொடரில் நிறைய இருக்கிறது.

பாப்பிரெட்டிப்பட்டி_வாத்தியார்

நீங்கள் சொன்ன அத்தியாயத்தை நான் பார்த்ததில்லை. டிஸ்க் வந்ததும் அதை முதலில் பார்க்க விரும்புகிறேன். எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம், அதற்கு மேல் பெரியவர்களோடு பார்க்கலாம் என்பது என் கருத்து. அதில் மாற்றம் இல்லை.

ஓசூர்_லேத்

வாத்தியார் சொன்னது நல்ல வரம்பு. நான் ஏற்றுக்கொள்கிறேன்.

தொடர் நின்றது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. நிறுத்தியபோது சில கதைகள் தயாரிப்பில் பாதியில் இருந்தன. டர்மாயில் என்ற ஆகாயக் கொள்ளைக்காரி மறுபடி வருகிற கதை அதில் ஒன்று. அதெல்லாம் இந்தப் பெட்டியில் இருக்காது, ஒளிபரப்பானவை மட்டும்தான். அதை எதிர்பார்த்து வாங்கி யாரும் மனசு கஷ்டப்படக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நாலுரோடு_ரசிகன் (தருமபுரி)

மக்களே, பெட்டி கைக்கு வந்துவிட்டது! நியூஜெர்சியில் இருக்கிற என் பெரியம்மா மகன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். அங்கே ஆர்டர் போட்டு, அவர் முகவரிக்கு வரவைத்து, பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துப் பத்திரமாக எடுத்து வந்திருக்கிறார். அவருக்கு நம் எல்லார் சார்பிலும் நன்றி.

பார்த்ததைச் சொல்கிறேன். டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதா நிறம், அரூர் அண்ணன் சொன்ன டிவிடி-ஆரேதான். மெனு ரொம்ப எளிமை, அலங்காரம் எதுவும் இல்லை. ஒலி இங்கிலீஷ் மட்டும். சப்டைட்டில் கிடையாது. படம் அந்தக் காலத்து 4:3 அளவு, புது டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அகலமாக இழுக்கிற பட்டனை யாரும் அழுத்தாதீர்கள், டி-போன் குண்டாகிவிடுவார். பிளேயரில் பால் என்று மாற்றி வைத்தேன், நிறம் அருமையாக வந்தது.

ஜப்பானின் மூக் ஸ்டுடியோ வரைந்த அத்தியாயங்களைப் பார்க்கும்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டர்போகேட் கட்டடங்களுக்கு நடுவில் திரும்பும்போது இறக்கையில் தெரு விளக்கின் வெளிச்சம் ஓடுகிறது. வெடிப்பில் புகை முதலில் உள்பக்கம் சுருண்டு, அப்புறம் விரிகிறது. டார்க் கேட் அங்கியின் மடிப்பில் ஊதா, அதற்குள் கறுப்பு என்று இரண்டு நிழல். எங்கள் பழைய பெட்டியில் புள்ளி புள்ளியாகப் பார்த்தபோது இதில் ஒன்றுமே தெரிந்ததில்லை.

குரல்களை இப்போதுதான் ஒழுங்காகக் கேட்கிறேன். டி-போனுக்கு சார்லி ஆட்லர், ரேசருக்கு பேரி கார்டன். டார்க் கேட்டுக்குப் பேசியவர் ப்ராக் பீட்டர்ஸ். அந்த அடித்தொண்டைக் குரலைக் கேட்டால் இன்றைக்கும் முதுகு நிமிர்கிறது. கத்தவே மாட்டான், மெதுவாகப் பேசியே மிரட்டுவான்.

'தி கோஸ்ட் பைலட்' கதையை முழுசாகப் பார்த்தேன். பழைய போரில் இறந்த ரெட் லிங்க்ஸ் என்ற விமானியின் ஆவி அருங்காட்சியக விமானத்தை எடுத்துக்கொண்டு வருகிறது. அவனைச் சுட்டு வீழ்த்தியவர் மேயர் மேன்க்ஸின் முன்னோர். கடைசியில் எப்போதும் பயந்து நடுங்குகிற மேயரே எதிர்கொண்டாக வேண்டிய நிலைமை வருகிறது. சின்ன வயதில் ஆவி வந்ததும் நாங்கள் டிவியை அணைத்துவிடுவோம், முடிவு எங்களில் யாருக்கும் தெரியாது. இப்போது தெரியும். ஊத்தங்கரைத் தங்கச்சி, மேன்க்ஸ் மேல் உங்களுக்கு இருக்கிற கோபம் இந்த ஒரு கதையில் கொஞ்சம் குறையும்.

பாலக்கோடு_தக்காளி

அண்ணா, சப்டைட்டில் இல்லை என்றால் என் தங்கச்சி பிள்ளைகளுக்குப் புரியாதே. ஐந்தாவது படிக்கிறார்கள், தமிழ் வழி.

ஊத்தங்கரைப்_பொண்ணு

அதற்கு வழி இருக்கிறது. காவேரிப்பட்டணத்து அண்ணன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கதை கட்டியதாக எழுதினாரே, அதை நாம் இப்போது ஒழுங்காகச் செய்யலாம். ஒவ்வொருவரும் ஒரு அத்தியாயம் எடுத்துக்கொண்டு, தமிழில் கதையாக இரண்டு மூன்று பக்கம் எழுதுவோம். பிள்ளைகள் முதலில் கதையைப் படித்துவிட்டு அப்புறம் படத்தைப் பார்த்தால் எல்லாம் புரியும். யார் என்ன பேசுகிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது இருந்தால் போதும். பேச்சை அப்படியே மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வாத்தியார் சார் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஆகிவிடும்.

நான் 'தி ராத் ஆஃப் டார்க் கேட்' எடுத்துக்கொள்கிறேன். இவர்கள் ஏன் பழைய இரும்புக் கிடங்குக்கு வந்தார்கள் என்பது அதில்தான் வருகிறது, அதனால் முதலில் அது வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி_வாத்தியார்

திருத்தித் தருகிறேன். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். பெயர்களை எல்லாரும் ஒரே மாதிரி எழுதுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள். பெயர்ப் பட்டியல் ஒன்றை நாளைக்கே போடுகிறேன்.

நாலுரோடு_ரசிகன் (தருமபுரி)

ரொம்ப நல்ல யோசனை, தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலத்தில் நண்பர் வீட்டில் எல்லாரும் கூடிப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். மின்வெட்டு நேரம் போக மீதி நேரம் பார்ப்போம், இன்வெர்ட்டரும் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நோட்டு, பேனா கொண்டுவந்தால் அங்கேயே குறிப்பு எடுத்துக்கொள்ளலாம். வர முடியாதவர்களுக்கு டிஸ்க் கைமாறிக் கைமாறி வரும், அரூர் அண்ணன் சொன்னபடி பத்திரமாக வைத்திருந்து அடுத்தவருக்குக் கொடுங்கள். வெளியூர்க்காரர்கள் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

'கோஸ்ட் பைலட்' எனக்கு.

ஓசூர்_லேத்

ஞாயிறு ஷிஃப்ட் இல்லை, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். 'ரேசர்ஸ் எட்ஜ்' எனக்கு. ஏவுகணைகள் ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்யும் என்று படம் வரைந்து கூடவே இணைக்கிறேன்.

மாரண்டஅள்ளி

மியூட்டிலர் கதையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அரூர்_வீடியோ

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, எழுதுவதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய திரையும் புரொஜெக்டரும் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலையிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு காரிமங்கலம் வந்துவிடுகிறேன். வாடகை பேச்சே எடுக்கக்கூடாது.

காவேரிப்பட்டணத்தான்

பாஸ்ட்மாஸ்டர் வருகிற கதைகள் எல்லாம் எனக்குத்தான். 'எ பிரைட் அண்ட் ஷைனி ஃப்யூச்சர்' உட்பட. ஞாயிறு பார்ப்போம் அண்ணா.